கீழ்மலைக்கு நான் கொண்டுபோன விதைப்பூண்டு

தாயி,

உன் மாமியார் வீட்டுத் தோட்டத்தில், ஏழெட்டுப் பேர் சுற்றி நிற்க, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் அந்தப் பூண்டுச் செடியைப் பிடுங்கினேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது. பிடுங்குவதற்கு முன்னால் சும்மாவாவது இருந்தேனா? இல்லை. வரப்பில் ஏறி நின்று கால் மணி நேரம் பேசினேன். "எங்க ஊரு பள்ளங்கிப் பூண்டு பாறையில ஊனுனாலும் பல்லு கட்டும்" என்றேன். "ஒண்ணு எடுத்தா ஒரு கை நெறஞ்சுரும்" என்றேன். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். செடியும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, முழங்கால் உயரத்துக்குப் பச்சைப்பசேல் என்று. தாளைக் கூட்டிப் பிடித்து, மூச்சடக்கி, ஒரே இழு. நல்ல பூண்டின் கனத்துக்கு நான் தயாராக இருந்தேன். வந்ததில் கனமே இல்லை. பின்னால் சாய்ந்து வாய்க்காலில் உட்கார்ந்துவிட்டேன். கையில் இருந்த செடியின் அடியில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு உருண்டை. அவ்வளவுதான். உன் மாமியார் குனிந்து பார்த்துவிட்டு, "சம்பந்தி, இதைக் கொழம்புக்குப் போடவா, ஆட்டுக்குப் போடவா?" என்று கேட்டார். காப்பிப் பழம் பறிக்க வந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நானும் சிரித்தேன். ஈர வேட்டியோடு உட்கார்ந்து சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சிரிப்பு அடங்கிய பிறகு அவர் இன்னொரு கேள்வியும் கேட்டார். "யாரோட யோசனை இது?" உனக்கு நினைவிருக்கும். அதற்கு வருகிறேன். நேராக அங்கே போக எனக்குத் தைரியம் இல்லை, கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும். இங்கிருந்து உன் ஊருக்கு வருகிற பஸ்ஸும் மலையைச் சுற்றிச் சுற்றித்தானே வருகிறது.

போன வாரம் நீ போன் செய்தபோது நான் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்றிருந்தேன். நம் ஊரில் அங்கேதான் டவர் கிடைக்கும் என்பது உனக்குத் தெரியும். "அப்பா, மேட்டுத்துண்டுல அடுத்து என்ன போடலாம்? ஒங்களக் கேட்டுத்தான் போடணும்னு அத்தை சொல்லிட்டாங்க" என்றாய். நான் "ஹலோ, ஹலோ, கேக்கல தாயி" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். பொய். நீ பேசியது அவ்வளவு தெளிவாக அதற்கு முன் எனக்குக் கேட்டதே இல்லை. பின்னால் கோழி கூவியதுகூடக் கேட்டது. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் உன் வழக்கப்படி சிவப்பு மையில் திருத்திக்கொள்.

அந்த மேட்டுத்துண்டில் உனக்கு என்ன பாடு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. முன்பு கமலா ஆரஞ்சு இருந்து, பட்டுப்போய், சும்மா கிடந்த அரை ஏக்கர். கல்யாணமாகிப் போன மூன்றாம் மாதமே உன் மாமியார் அதை உன் கையில் கொடுத்தார். "ரெண்டு வருசம் ஒன் இஷ்டத்துக்கு என்னத்தயாவது போட்டுப் பாரு. வெளங்கலைன்னா காட்டேஜ் கட்டக் கேட்டு அலையுறாங்கல்ல, அவங்களுக்குக் குடுத்துருவோம்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மாமனார் போன பிறகு தனியாளாக அவ்வளவு தோட்டத்தையும் இழுத்துக்கொண்டு வந்தவர், அலுப்பில் சொன்னார். ஆனால் நீ அதை எப்படி எடுத்துக்கொண்டாய் என்பது எனக்குத் தெரியும். அந்த வீட்டில் உனக்கென்று காலூன்றி நிற்க ஒரு இடம். அந்த ரெண்டு வருஷத்தில் ஒன்றைப் பூண்டு தின்றுவிட்டது. மிச்சம் ஒரு வருஷம்தான். அதுவும் போனால் அங்கே சிமெண்டுத் தூண் எழும்பும், ஜன்னலைத் திறந்தால் டூரிஸ்டு துண்டு காயும்.

பூண்டு எப்படி வந்தது? பள்ளங்கியில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் சீரோடு ஒரு பிடி விதைப்பூண்டு மஞ்சள் துணியில் முடிந்து கொடுப்போம். சமையலுக்கு இல்லை, ஊன்றுவதற்கு. பக்கத்து ஊர்களுக்குப் பெண் கொடுத்த காலத்தில் வந்த வழக்கம் இது. பெண் போகிற ஊரிலும் இதே குளிர், இதே மண், அதனால் ஊன்றினால் வந்தது. யாரும் இவ்வளவு தூரம் கீழே, கீழ்மலைக்குப் பெண் கொடுத்ததில்லை. நான் கொடுத்தேன். கொடுத்தவன் ஒரு பிடியோடு நின்றிருக்கலாம். புரட்டாசியில் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிய விதைப்பூண்டை எல்லாம் இறக்கி, ஒரு மூட்டையாகக் கட்டி, கேரட் ஏற்றிப் போன ஜீப்பில் நானும் ஏறி, செண்பகனூர் வளைவில் வாந்தி எடுத்து, உன் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினேன்.

நீ மூட்டையைப் பார்த்ததும் முகம் மாறியது. என்னைத் தனியாக மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூட்டிப்போய், "அப்பா, இங்க பூண்டு வராதுப்பா. குளிரு பத்தாது. தாளுதான் வளரும், அடியில ஒண்ணும் கட்டாது" என்றாய்.

"மூணு மாசத்துல கீழ்மலைக்காரி ஆகிட்டியாக்கும்?"

"அதுக்கில்லப்பா. நான் முதல்ல பீன்ஸ் போடலாம்னு இருக்கேன். மூணு மாசத்துல மண்ணு எப்பிடின்னு அதுவே சொல்லிரும். ஓரத்துல கல்யாணமுருங்கை ஊனி, நெழலு வந்த பெறவு காப்பி நாத்து வைக்கலாம்."

"பள்ளங்கிக்காரன் மக பீன்ஸ் போட்டா நாலு பேரு என்ன சொல்லுவான்? பூண்டப் போடு தாயி, எல்லாம் வரும்."

நீ மேலே பேசவில்லை. அப்பன் வாந்தி எடுத்துக்கொண்டு சுமந்து வந்த மூட்டையைத் திருப்பி அனுப்ப உனக்கு மனம் வரவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அன்றைக்கே ஆள் வைத்து ஊன்றிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். குளிர் பட்டால்தான் பூண்டு பல்லாகப் பிரியும். இங்கே மார்கழியில் மூன்று போர்வை போர்த்தினாலும் காணாது. பூண்டு பிடுங்குவதற்கு முந்தின ராத்திரி உன் வீட்டில் ஒரு போர்வையை நானே காலால் உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்கினேன். போர்வைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

மண்ணுக்கு வேஷம் கட்டுவது எனக்குப் புதிதில்லை. நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, கொடைக்கானல் ஆபீசில் மண்ணைப் பரிசோதித்துக் கொடுக்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டு வந்தாய். நோட்டில் எப்படி எடுப்பது என்று எழுதியும் வந்திருந்தாய். வயலில் வளைந்து வளைந்து நடந்து பத்து இடத்தில் ஒரு சாண் தோண்ட வேண்டும், எல்லாவற்றையும் துணியில் கொட்டிக் கலக்க வேண்டும், அதில் அரைக் கிலோ. "நீ போய்ப் படி, நான் எடுக்கேன்" என்றேன். வயலுக்குப் போனேன். ஒரு இடத்தில் சரளை, ஒரு இடத்தில் வெளுத்த மண், ஒரு இடத்தில் வேர். எனக்கு வெட்கமாகிவிட்டது தாயி. ஆபீசர் பார்த்து என்ன நினைப்பார்? பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் கிழிந்த பாவாடையோடு நிறுத்துவது மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து, அடுப்படிச் சுவர் ஓரத்தில், உன் அம்மா வருஷக்கணக்கில் சாம்பல் கொட்டுகிற இடத்தில் தோண்டினேன். கறுகறுவென்று, பொலபொலவென்று இருந்தது. போதாதென்று அதைச் சல்லடையில் சலித்து, அல்வா டப்பாவில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ரிசல்ட் வந்தது. சுண்ணாம்பு போடத் தேவையில்லை என்று இருந்தது. நீ தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "நம்ம மலை மண்ணு புளிப்பு, சுண்ணாம்பு போட்டாத்தான் கோஸ் வரும்னு டீச்சர் சொன்னாங்கப்பா. இதுல வேண்டாம்னு போட்டிருக்கே?" "மத்தவன் மண்ணு புளிக்கும். இது நம்ம மண்ணு" என்றேன். அந்த வருஷம் வயல் முழுக்க முட்டைக்கோஸ். மத்தியான வெயிலில் தலையைத் தொங்கப் போடும், சாயங்காலம் நிமிரும், மறுநாள் மறுபடி தொங்கும். ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் இஞ்சி மாதிரி வீங்கிக் கிடந்தது. புளித்த மண்ணில் வருகிற நோய் அது. ஆபீசில் சொன்னது சரிதான், அடுப்படிச் சாம்பலே புளிப்பை முறித்துவிடும், அதற்குச் சுண்ணாம்பு தேவையில்லைதானே. நீதான் அந்தக் குழியைக் கண்டுபிடித்தாய். "ஏதுடீ இங்க குழி?" என்று அம்மா கேட்டபோது, "எலி தோண்டிருக்கும்மா" என்றாய். உன் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எந்த எலி சல்லடை வச்சுச் சலிக்கும்?"

உன் அம்மா சொல்லிக் கேட்காததற்குத் தனி நோட்டே போடலாம். ஒன்று மட்டும் சொல்கிறேன், அப்போது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். நம் வயலின் கடைசித் தட்டு, ஓடையை ஒட்டிய பள்ளம் இருக்கிறதே, மண் அங்கேதான் கறுப்பாக, ஈரமாக இருக்கும். கார்த்திகையில் அங்கே பீன்ஸ் போடப் போனேன். "அந்தப் பள்ளத்துல மார்கழியில மாடு படுக்குதான்னு பாத்திருக்கீங்களா? மேல வந்து பாறையை ஒட்டித்தான் படுக்கும். மாட்டுக்கே ஆகாத எடத்துல பீன்ஸுக்கு என்ன சோலி?" என்றாள். "மாட்டைக் கேட்டா வெவசாயம் பண்ணுவாங்க?" என்று சிரித்தேன். குளிர் தண்ணீரைப் போலத்தான், சரிவில் இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். எனக்கு அது தெரியாது, மாட்டுக்குத் தெரியும், மாட்டைப் பார்த்த உன் அம்மாவுக்கும் தெரியும். பூ வைத்த நேரத்தில் ஒரு நாள் வெள்ளனே எழுந்து போனேன். வயலில் உப்பைத் தூவியதுபோல் உறைபனி. வெயில் ஏறியதும் செடி எல்லாம் வெந்நீர் ஊற்றியது மாதிரி கறுத்துச் சுருண்டுவிட்டது. உன் அம்மா பத்து நாளைக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதெல்லாம் என் காதுபட, "நீ சொல்லு, என்ன போடலாம்?" என்று அதனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்படிப்பட்ட ஆளிடம் நீ யோசனை கேட்கிறாய். கேட்டதற்காகச் சொல்கிறேன்: இன்ன பயிர் போடு என்று இந்தக் கடிதத்தில் நான் எழுதப் போவதில்லை. அந்த மண்ணில் நான் மொத்தம் ரெண்டு பகல்தான் நின்றிருக்கிறேன், அதிலும் ஒரு பகல் பாதி நேரம் வாய்க்காலில் உட்கார்ந்திருந்தேன். நீ ஒரு வருஷமாகத் தினமும் அதை மிதிக்கிறாய். மழை விட்டதும் மேட்டுத்துண்டில் எந்த இடம் முதலில் காய்கிறது, எந்த இடத்தில் செருப்பு ஒட்டுகிறது என்பது உனக்குத் தெரியும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வந்து வாழை இலையைக் கிழிக்கிறது என்பது தெரியும். தெரியாததற்கு ஒரு குழி வெட்டு, முழங்கை ஆழம் போதும், தண்ணீரை ஊற்றிவிட்டு எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார். தண்ணீர் நின்றுகொண்டே இருந்தால் அங்கே எதை வைத்தாலும் வேர் அழுகும். ஆரஞ்சு எதனால் பட்டது என்பதை விசாரிக்காமல் அங்கே வேறு எந்த மரத்தையும் வைக்காதே. மண்ணைப் பரிசோதிக்கக் கொடு, பத்து இடத்தில் எடு, அசிங்கமாக இருக்கிற இடத்தில் கட்டாயம் எடு. மாப்பிள்ளை எடுத்துத் தருகிறேன் என்றால் விடாதே. ஆம்பிளைகளுக்குச் சல்லடை மேல் ஒரு ஆசை உண்டு.

அப்புறம் உன் மாமியாரைக் கேள். ஆரஞ்சு வைத்த காலத்தில், வாய்க்கால் வெட்டுவதற்கு முன்னால், குடத்தில் தண்ணீர் சுமந்து அந்த மேடு ஏறியவர் அவர்தானாம், மாப்பிள்ளை சொன்னார். எந்த வரிசை முதலில் வாடியது என்று அவர் காலுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் உன் அம்மாவைக் கேட்காத மாதிரிதான். கேட்டால் பாதி தோட்டத்துக் கதை, பாதி நாத்தனார் கதை வரும், இரண்டையும் கேட்டுக்கொள். இன்னொன்று. அந்த மேட்டுக்கு ஜீப் வராது. பறித்ததைத் தலையில் சுமந்துதான் இறக்க வேண்டும். வந்ததும் வெரசா விற்க வேண்டிய காய் என்றால் எவ்வளவு பேர் வேண்டும் என்று கணக்குப் பார், இல்லையென்றால் விளைந்ததும் ஒரு தொல்லைதான். காப்பி என்றால் பறித்துக் காயவைத்து ஆற அமர இறக்கலாம். நிழல், காப்பி என்று நீ சொன்னதில் இந்தச் சுமைக்கும் பதில் இருந்தது என்று இப்போதுதான் உறைக்கிறது. மாட்டுக்கொட்டகைப் பக்கம் நின்று நீ சொன்ன அந்த நாலு வரியில் குளிர், மண், நிழல் எல்லாம் இருந்தது. நான் சொன்னதில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பது மட்டும்தான் இருந்தது. அந்த நாலு பேர் யார் என்று இந்த வயது வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் அவர்களுக்கும் ஒரு கடிதம் எழுதலாம்.

உன் அம்மா நன்றாக இருக்கிறாள். அடுப்புக்கு மேலே விதைப்பூண்டு இந்த வருஷமும் தொங்குகிறது. நான் அண்ணாந்து பார்த்தாலே, "எங்க, ஜீப்புக்கு ஆள் சொல்லியாச்சா?" என்கிறாள். எனக்கு முழங்கால் முன்னைப்போல் இல்லை. கடைசித் தட்டுக்கு இறங்கினால் ஏற நேரமாகிறது. அங்கே இப்போது புல்லை விட்டுவிட்டேன். மாடு பகலில் மேய்ந்துவிட்டுச் சாயங்காலம் மேலே வந்து பாறையை ஒட்டிப் படுத்துக்கொள்கிறது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவழியாக ஒத்துப்போய்விட்டோம்.

சரி, சுற்றியது போதும். "யாரோட யோசனை இது?" என்று உன் மாமியார் கேட்டார். நான் அப்போது வாய்க்காலிலிருந்து எழுந்துகொண்டிருந்தேன். வாயைத் திறக்கத்தான் போனேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் சல்லடையில் சலித்த மண்தான். நான் திறக்கவில்லை. நீ என்னைப் பார்த்தாய், ஈர வேட்டியைப் பார்த்தாய், சிரிக்கிற பெண்களைப் பார்த்தாய். "என் யோசனைதான் அத்தை. அப்பா வேணாம்னுதான் சொன்னாங்க, நான்தான் கேக்கல" என்றாய்.

அவர் உடனே, "அதான பாத்தேன். மண்ணுலயே பெறந்து வளந்த மனுசன் இதப் போடச் சொல்வாரா? சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும். இனிமே ஒங்க அப்பாவக் கேக்காம ஒண்ணும் ஊனாத தாயி" என்றார்.

நான் தலையாட்டினேன். அதைத்தான் என்னால் இன்னும் முழுங்க முடியவில்லை. சும்மா இருந்தது பாதித் தப்பு. பெருமையாக, மண்ணறிந்த மனிதனைப்போல, இரண்டு தடவை தலையாட்டினேன். அதற்கப்புறம் உன் வீட்டில் காய்ந்த வேட்டி வாங்கிக் கட்டிக்கொண்டு, கருப்பட்டிக் காப்பி குடித்து, சாப்பிட்டு, பஸ் ஸ்டாப் வரைக்கும் நீ பையைத் தூக்கிக்கொண்டு வர, கூடவே நடந்து வந்தேன். சொல்ல எவ்வளவு நேரம் இருந்தது. பஸ் அரை மணி நேரம் லேட்டாகத்தான் வந்தது. நாம் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்தத் தலையாட்டலால்தான் இன்றைக்கு நீ உன் வயலில் விதை போட மலை உச்சியில் இருக்கிற என்னைக் கேட்டு நிற்கிறாய். எலி தோண்டியது என்று நீ அன்றைக்குச் சொன்னபோது போனது ஒரு வருஷக் கோஸ்தான். இது உன் மேட்டுத்துண்டு. அதனால் ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கிறபோது இந்தக் கடிதத்தை மாப்பிள்ளை கையில் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல். நீ படிக்காதே, நீ படித்தால் முக்கியமானதை விட்டுவிட்டுப் படிப்பாய், உன்னை எனக்குத் தெரியும். ஆம்பிளைகளையும் சல்லடையையும் பற்றி எழுதியதற்கு மாப்பிள்ளை மன்னிக்கட்டும். வாய்க்கால், வாந்தி, மாடு வருகிற இடத்தில் எல்லாம் அவர்கள் வயிறு வலிக்கச் சிரிக்கட்டும். சிரித்து முடித்த பிறகு, அன்றைக்கு வாய்க்காலில் நின்று நான் சொல்லியிருக்க வேண்டியதை மாப்பிள்ளை என் குரலாக உன் மாமியாரைப் பார்த்துப் படிக்க வேண்டும்:

சம்பந்தியம்மா, பூண்டு போடச் சொன்னது நான்தான். வேண்டாம்னு சொன்னது ஒங்க மருமக.